விம்ஆர்சியில் எழுதியது ஏன் வேலை செய்வதில்லை? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

பல வருடங்களாக விம்தான் என் எடிட்டர். நடுவில் ஈமேக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரிலும் நிறைய வேலை செய்திருக்கிறேன். இரண்டைப் பற்றியும் புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான்: தொடக்கக் கோப்பில் (எடிட்டர் திறக்கும்போது படிக்கும் கோப்பு, விம்மில் அதன் பெயர் விம்ஆர்சி) செட்டிங் எழுதிச் சேமித்தாயிற்று, எடிட்டரை மூடித் திறந்தாயிற்று, ஒன்றும் மாறவில்லை, ஏன்?

கோப்பையே படிக்கவில்லை போல என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சில சமயம் அது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை, பெரும்பாலும் கோப்பு ஒழுங்காகப் படிக்கப்பட்டிருக்கும், செட்டிங்கும் அமலுக்கு வந்திருக்கும், பின்னால் வந்த வேறொன்று அதை மாற்றிவிட்டுப் போயிருக்கும். அதனால் கடைசியாக இதைத் தொட்டது யார் என்று தேடுவதே நல்லது. விம்மை நான் விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், இந்தக் கேள்விக்கு அது நேராகப் பதில் சொல்கிறது.

ஓர் உதாரணம். உள்தள்ளல் அளவை (‘ஷிஃப்ட்விட்த்’) 2 என்று விம்ஆர்சியில் வைத்திருக்கிறீர்கள். மற்ற கோப்புகளில் சரியாக இருக்கிறது, பைத்தான் கோப்பில் மட்டும் 4 இடம் தள்ளுகிறது. கோலன் போட்டு ‘வெர்போஸ் செட் ஷிஃப்ட்விட்த்’ என்று அடித்து, இடைவெளி விடாமல் ஒரு கேள்விக்குறி சேருங்கள். மதிப்பு 4 என்று வரும். அதற்குக் கீழே, கடைசியாக அதை வைத்த கோப்பின் முழுப் பாதை வரும், ஓரளவு புதிய பதிப்பு என்றால் வரி எண்ணும் வரும். அங்கே இருப்பது உங்கள் விம்ஆர்சி அல்ல, விம்மோடு சேர்ந்து வரும் பைத்தான் எஃப்டிபிளக்இன், அதாவது அந்த வகைக் கோப்புக்கு மட்டும் ஓடும் செட்டிங் கோப்பு. பைத்தான் எழுதும் நடைக்கான வழிகாட்டியான பெப் 8 சொல்லும் 4 ஸ்பேஸ் வழக்கத்தை அது தானாகவே வைத்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. விம்ஆர்சி முதலில் ஓடி முடிந்துவிடும். கோப்பு திறந்து, அது என்ன வகை என்று தெரிந்த பிறகுதான் எஃப்டிபிளக்இன் ஓடும். ஆகவே உங்கள் வரியை விம்ஆர்சியின் கடைசிக்கு நகர்த்தினாலும் பயன் இல்லை. ஹோமில் (உங்கள் பயனர் ஃபோல்டரில்) இருக்கும் டாட் விம் ஃபோல்டருக்குள் ‘ஆஃப்டர்’, அதற்குள் ‘எஃப்டிபிளக்இன்’ என்று ஃபோல்டர்கள் உருவாக்கி, அங்கே பைத்தானுக்கு ஒரு கோப்பு வைத்து, ‘செட்’டுக்குப் பதில் ‘செட்லோக்கல்’ (திறந்திருக்கும் அந்தக் கோப்புக்கு மட்டும் வை) என்று எழுதுங்கள். கமென்ட் வரியில் ‘ஓ’ அழுத்தினால் அடுத்த வரியும் கமென்ட்டாகவே தொடங்குகிறதே, ‘ஃபார்மேட்ஆப்ஷன்ஸ்’ மாற்றியும் போகவில்லையே என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

சரி, கோப்பையே படிக்காத சந்தர்ப்பம். ஹோமில் நேராக ஒரு விம்ஆர்சியும் டாட் விம் ஃபோல்டருக்குள் இன்னொன்றும் இருந்தால், முதலாவதை மட்டும்தான் விம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதை எட்டிக்கூடப் பார்க்காது. ‘ஸ்கிரிப்ட்நேம்ஸ்’ கட்டளை அடித்தால், படித்த கோப்புகள் எல்லாம் படித்த வரிசையிலேயே வந்துவிடும். அதில் இல்லாத கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. விண்டோஸில் கோப்புப் பெயரின் வால் மறைந்திருக்கும், நோட்பேடில் சேமித்த விம்ஆர்சிக்குப் பின்னால் தெரியாமல் ஒரு டாட் டெக்ஸ்ட் ஒட்டியிருக்கலாம்.

விம்மில் எனக்கு உண்மையாகவே குறையாகப் படும் ஓர் இடம் உண்டு. 2016-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து, சொந்த விம்ஆர்சி இல்லாதவர்களுக்காக ‘டிஃபால்ட்ஸ்’ என்ற கோப்பு தானாக ஓடுகிறது. நிறம் எல்லாம் அதிலிருந்து வருகிறது. புதிதாக வந்தவர் ஆசையாக ஒரே ஒரு வரி எழுதி விம்ஆர்சி உருவாக்கிய உடனே அந்தக் கோப்பு ஓடாமல் நின்றுவிடும். வரி எண் வேண்டும் என்று கேட்டவருக்கு வரி எண் வரும், நிறம் போய்விடும். ஆவணத்தில் இது இருக்கிறது, ஆனால் முதல் நாளிலேயே ஒருவரைக் குழப்பிவிடும் நடத்தை இது. விம்ஆர்சியின் முதல் வரியில் அந்த டிஃபால்ட்ஸ் கோப்பை ‘சோர்ஸ்’ கட்டளையால் ஓடவைத்துவிட்டால் தீர்ந்தது.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. தனித்தனி நிறம் வைக்கும் ‘ஹைலைட்’ வரிகளை, மொத்த நிறத்தொகுப்பைத் தேர்வு செய்யும் ‘கலர்ஸ்கீம்’ வரிக்கு மேலே எழுதினால் எல்லாம் அழிந்துவிடும், கீழே எழுதுங்கள். அப்புறம், டேப் அழுத்தினால் ஸ்பேஸ் வராமல் திடீரென்று டேப்பே வந்தால், ‘பேஸ்ட்’ என்ற செட்டிங் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது டேப்பை ஸ்பேஸாக மாற்றும் ‘எக்ஸ்பேண்ட்டேப்’பை அணைத்துவிடும்.

ஈமேக்ஸில் கதை கொஞ்சம் வேறு. ஹோமில் பழைய டாட் ஈமேக்ஸ் கோப்பு ஒன்று கிடந்தால், இன்னொரு தொடக்கக் கோப்பான இனிட் படிக்கப்படாது. டேப் அகலம் போன்றவை பஃபருக்குப் பஃபர் (திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும்) தனி என்பதால் ‘செட்க்யூ’ போதாது, ‘செட்க்யூ-டிஃபால்ட்’ வேண்டும். இனிட்டின் நடுவில் ஒரு பிழை வந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஓடாது, ‘டீபக்-இனிட்’ கொடுத்துத் தொடங்கினால் பிழை எங்கே என்று தெரியும். ஒரு மாறியின் மதிப்பையும், அது இந்த பஃபருக்கு மட்டும்தானா என்பதையும் ஈமேக்ஸ் அழகாகக் காட்டும். ஆனால் கடைசியாக மாற்றியது யார் என்று பின்னால் போய்க் கேட்க முடியாது. பதிப்பு 26-ல் வந்த ‘டீபக்-ஆன்-வேரியபிள்-சேஞ்ச்’ வைத்துவிட்டு, அடுத்த மாற்றம் நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் விம் ஒரு படி மேல்.

எதிலும் பிடிபடாவிட்டால் பாதி பாதியாக வெட்டிப் பாருங்கள். விம்ஆர்சியின் நடுவில் ‘ஃபினிஷ்’ என்று ஒரு வரி போட்டால் அதற்குக் கீழே எதுவும் ஓடாது. பிரச்சினை போய்விட்டால் காரணம் கீழ்ப் பாதியில், போகாவிட்டால் மேல் பாதியிலோ வெளியிலோ. அந்த வரியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தால், முந்நூறு வரிக் கோப்பிலும் சீக்கிரமே அந்த வரி அகப்படும்.

விம்மிலிருந்து பிரிந்த எடிட்டரான நியோவிம்முக்கு மாறியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய செட்டிங் என்றால், வெர்போஸ் கேள்விக்கு லுவாவிலிருந்து வைக்கப்பட்டது என்று மட்டும் பதில் வரலாம். எடிட்டரை ‘மைனஸ் வி1’ சேர்த்துத் தொடங்கி மறுபடி கேளுங்கள், கோப்பும் வரி எண்ணும் வரும்.