மூளை எம்ஆர்ஐ படத்தின் இரைச்சலைக் குறைக்க எந்தக் கொத்தாக்க முறை?

மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தின் 'பிரெயின்வெப்' மாதிரித் தலைப்படத்தில் 181×217×181 வாக்ஸெல்கள் (முப்பரிமாணப் படப்புள்ளிகள்), அதாவது ஏறத்தாழ 71 லட்சம் புள்ளிகள் உள்ளன. இரைச்சல் கலக்காத மூலமும் அதனுடன் கிடைப்பதால், மேற்பார்வையின்றி (விடை சொல்லித்தராமல்) இயங்கி, ஒத்த புள்ளிகளைக் கொத்துகளாகச் சேர்க்கும் கொத்தாக்க முறைகளை உரசிப் பார்க்க அது ஏற்றது.

ஒவ்வொரு புள்ளியையும் செறிவில் (பிரகாசத்தில்) மிக நெருங்கிய ஒரே கொத்தில் சேர்க்கும் கே-மீன்ஸை இவற்றுள் வேகத்தில் மிஞ்ச முடியாது. செறிவு ஒன்றையே கணக்கில் கொள்வதால் ஹிஸ்டோகிராமை, அதாவது எந்தச் செறிவில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கை, வைத்தே வேலையை முடித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வாக்ஸெலையும் அதன் கொத்தின் சராசரியால் மாற்றும்போது படிப்படியான சாயல்கள் அழிந்து, படம் மூன்று நான்கு சாயங்களாகச் சுருங்குகிறது. டி1 படத்தில் (வெண்பொருள் திசு வெளிச்சமாகவும், சாம்பல்பொருள் திசு இடைநிலையாகவும், மூளைநீர் இருளாகவும் தெரியும் எம்ஆர்ஐ வகை) வெண்பொருளும் மூளைநீர் அறையும் சந்திக்கும் விளிம்பில் இடைப்பட்ட செறிவுள்ள வாக்ஸெல்கள் சாம்பல்பொருளின் கொத்தில் விழுவதால், உடலில் இல்லாத சாம்பல் வளையம் ஒன்று படத்தில் முளைக்கிறது. மற்ற முறைகளுக்கு வேண்டிய தொடக்கக் கொத்து மையங்களைத் தேர்வதற்கு அப்பால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1973இல் டன் முன்வைத்து 1981இல் பெஸ்டெக் விரிவாக்கிய ஃபஸி சி-மீன்ஸ், ஒவ்வொரு வாக்ஸெலுக்கும் எல்லாக் கொத்துகளிலும் பங்கு தருகிறது. அந்தப் பங்குகளை எடையாகக் கொண்டு கொத்துகளின் மையச் செறிவுகளைக் கூட்டினால் விளிம்பின் சாயல் பெருமளவு தப்பிக்கிறது. செறிவை மட்டும் பார்த்தால் இரைச்சலும் கூடவே தப்பிவிடும் என்பதால், சுற்றியுள்ள 26 வாக்ஸெல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மருத்துவமனைப் படங்களில் வாக்ஸெல்களின் இடைவெளி குறுக்கே 1 மி.மீ., அடுக்குகளுக்கிடையே 5 மி.மீ. என்றிருப்பது உண்டு, அங்கே 26க்கும் சம எடை கொடுத்தால் மேலடுக்கின் திசு கீழடுக்கில் கசியும், ஆகவே எடை தூரத்துக்கேற்பக் குறைய வேண்டும். எம்ஆர்ஐ கருவியில் சமிக்ஞையைப் பெறும் காயிலின் சீரற்ற உணர்திறனால் ஒரே வெண்பொருள் ஒருபுறம் வெளிறியும் மறுபுறம் மங்கியும் தெரியும் கோளாறை முதலில் திருத்தாவிட்டால், இவ்விரு முறைகளும் தடுமாறும்.

ஒவ்வொரு புள்ளியையும் ஒத்த புள்ளிகள் அடர்ந்த இடத்தை நோக்கி நகர்த்தும் மீன் ஷிஃப்ட், தன் அண்டையை மட்டும் பார்ப்பதால் அந்தக் கோளாறை ஓரளவு தாங்கும். கொத்துகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. இடத்துக்கும் செறிவுக்கும் தனித்தனிப் பட்டை அகலம் (எவ்வளவு வேறுபாடு வரை அண்டையாகக் கொள்வது என்ற அளவு) கொடுத்தால் போதும். நேரம்தான் பெரும் செலவு. ஆயினும் நரம்புறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் நோயின் புண்களைத் தேடும்போது இதையே தேர்வேன்: வெண்பொருள், சாம்பல்பொருள், மூளைநீர் என மூன்று கொத்துகள் மட்டுமே உள்ள முறையில் புண்ணுக்குத் தனியிடம் இல்லாததால், டி1 படத்தில் அது சாம்பல்பொருளோடு கலந்துவிடுகிறது.

எதைத் தேர்ந்தாலும், வடிகட்டிய படத்தை, வடிகட்டும் முன்பிருந்த இரைச்சல் கலந்த படத்திலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். மிச்சத்தில் மூளை மடிப்புகளின் கோடுகள் தெரிந்தால், வடிகட்டி இரைச்சலோடு உடற்கூற்றையும் அகற்றியிருக்கிறது.