32 விநாடி

போன வாரம் புதன்கிழமை காலையிலிருந்து கடைக்கு வந்த போன் எல்லாம் பாதியில் அறுந்துகொண்டிருந்தது. முதல் ஆள் காங்கயத்து மெக்கானிக். "அண்ணா, 5 எச்பி மோனோபிளாக்குக்கு இம்பெல்லர் ரெண்டு, அப்புறம்..." அவ்வளவுதான். அடுத்து பல்லடத்திலிருந்து ஒருவர், அவருக்கும் அதே கதி. மூன்றாவது அழைப்பைக் கவுண்டர் பையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். கட்டானதும் என் பக்கம் திரும்பி, "முப்பத்திரண்டுங்ணா" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கடை போன் ஓடுவது இன்டர்நெட் வழியாகத்தான். முந்தின நாள் இடியில் நெட் மோடம் புகைந்துபோய், புதுசு மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதே வாரம் பார்த்து, ஈரோட்டில் புதுக்கடை போடும் மாப்பிள்ளை கேட்கிறார்: "மச்சான், நீங்க போட்டிருக்கற நெட் போனையே நானும் போட்டுக்கட்டுங்களா?" போனில் சொன்னால் திட்டாகத்தான் வரும் என்று எழுதி அனுப்புகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்ற கடைக்காரர்களும் படித்துக்கொள்ளலாம்.

கோவையில் பம்பு, மோட்டார் உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் எங்களுக்கு. மேஜையில் மூன்று ஐபி போன், வெளியே சுற்றும் இரண்டு பையன்களின் மொபைலில் ஆப். மூன்று வருஷம் ஆகிறது. சேவை கொடுக்கும் நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் தப்பில் பாதி அவர்களுடையது இல்லை.

அந்த 32 விநாடிக் கணக்கு இதுதான். நமக்கு அழைப்பு வருகிறது, ரிசீவரை எடுக்கிறோம். உடனே நம் போன் "எடுத்துவிட்டேன்" என்று எதிர்முனைக்கு ஒரு தகவல் அனுப்பும். அது கிடைத்ததற்கு எதிர்முனை ஒப்புகை அனுப்ப வேண்டும், பதிவுத் தபாலுக்குத் திரும்பி வருமே ஒரு அட்டை, அது மாதிரி. ஒப்புகை வராவிட்டால் போன் திரும்பத் திரும்ப அதே தகவலை அனுப்பிப் பார்க்கும். அரை விநாடியில் தொடங்கி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், 32 விநாடி ஆனதும் "சரி, அந்தப் பக்கம் யாரும் இல்லை" என்று முடிவுகட்டி வைத்துவிடும். இதற்கிடையில் குரல் வேறு வழியில் போய்வருவதால் நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம். நாம் கூப்பிடும் அழைப்புகளில் இந்தத் தொல்லை இருக்காது. வாடிக்கையாளர் கூப்பிட்டால்தான் கட்டாகும்.

ஒப்புகையைத் தொலைப்பது அந்த மோடம் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ரூட்டர். அதற்குள் சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்று ஒரு வசதி இருக்கிறது; சிப் என்பது நெட் போன்கள் அழைப்பை இணைக்கப் பயன்படுத்தும் முறை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று, நம் போன் அனுப்பும் தகவலைப் பிரித்து, உள்ளே இருக்கும் முகவரியைத் திருத்தி அனுப்பும். திருத்துவதில் தப்பு நேர்ந்தால், எதிர்முனை அனுப்பும் ஒப்புகை வேறு எங்கேயோ போய் நிற்கும். ரூட்டர் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு டிக்கை எடுத்தால் போதும், சரியாகிவிடும். ஆனால் மோடம் மாற்றினாலோ, யாராவது ரீசெட் பண்ணினாலோ டிக் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வருஷத்தில் இது நான்காவது முறை.

முதல் முறை கண்டுபிடிக்கவே பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் சப்போர்ட்டில் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான்: "சார், ஸ்பீடு டெஸ்ட் எடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க." என் லைன் 100 எம்பிபிஎஸ். நல்ல தரத்தில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 100 கேபிபிஎஸ் கூட ஆகாது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் அரை எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால், "ஓகே சார், இருந்தாலும் ஒரு டெஸ்ட் எடுத்து அனுப்புங்க."

குரல் துண்டு துண்டாக விழுந்த காலமும் உண்டு, அது தனிக்கதை. தினமும் பதினொரு மணி வாக்கில் ஆரம்பிக்கும். குடோன் கேமரா நான்கும் அந்த நேரத்தில்தான் வீடியோவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. அழைப்புக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரூட்டரில் மாற்றியதும் நின்றது. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச்சேர 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகாமல் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ, அதாவது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், வைத்திருக்கும் அளவு. மாப்பிள்ளை, ஏதாவது டெஸ்ட் எடுத்தே தீர வேண்டும் என்றால் இந்தத் தாமதத்தை அளந்து பாருங்கள். வேகம் வேண்டாம்.

எண் விஷயம். அப்பா காலத்திலிருந்து கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் இருப்பது ஒரு 0422 எண். மொபைல் எண்ணைக் கம்பெனி மாற்றிக் கொண்டுபோகிற மாதிரி இதையும் கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தேன். லேண்ட்லைனுக்கு அந்த வசதி இல்லை. விற்க வந்த தம்பி இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பழைய லைனை ஒரு சின்ன எஃப்எக்ஸ்ஓ பெட்டியில் செருகி, அதில் வரும் அழைப்பையும் இதே ஐபி போன்களில் அடிக்க வைத்திருக்கிறேன். வேலை ஆகிறது, ஆனால் மாதா மாதம் இரண்டு பில். உங்களுக்குப் புதுக்கடை, அந்தச் சுமை இல்லை. ஈரோட்டு 0424 எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். 140-இல் தொடங்குவது விளம்பர அழைப்புகளுக்கு ஒதுக்கியது, அது திரையில் தெரிந்தாலே நம் ஆட்கள் எடுக்க மாட்டார்கள்.

கரண்ட். பழைய போன் எக்ஸ்சேஞ்சு பேட்டரியில் ஓடியது, ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். இதில் மோடம், சுவிட்ச், போன் மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வைத்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில், மதியத்துக்கு மேல் தெருமுனைப் பெட்டியில் இருக்கும் பேட்டரி தீர்ந்து நெட்டே போய்விடும். அப்போது அழைப்பு தானாக என் மொபைலுக்கு வந்துவிடுகிறது. இதை முதல் நாளே சரியாக அமைத்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

இவ்வளவு புலம்பினாலும் ஒரு விஷயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறேன். அழைப்புப் பதிவு. கூடவே வரும் வசதிதானே என்று ஆரம்பத்தில் கண்டுகொள்ளவே இல்லை.

போன ஆடியில் தாராபுரத்து மெக்கானிக் ஒருவர் பேரிங் பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சண்டைக்கு வந்தார். அவர் கேட்டது 6305, போனது 6205. இரண்டுக்கும் துளை 25 மில்லிமீட்டர்தான், ஷாஃப்டில் அழகாக ஏறிவிடும். வெளி விட்டம் 6305-க்கு 62, 6205-க்கு 52. ஹவுசிங்கில் வைத்தால் கொடகொடவென்று ஆடும். தோட்டத்துக்காரர் தண்ணீர் இல்லாமல் காத்திருக்க, கோபம் அவருக்கு. "நீங்க அறுபத்திரண்டுன்னுதாங்க சொன்னீங்க" என்று நான் சத்தியம் பண்ணாத குறை.

பதிவைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் தெளிவாக "அறுபத்திமூணு நாட் அஞ்சு" என்கிறார். அடுத்து என் குரல்: "அறுபத்திரண்டு நாட் அஞ்சு, ரெண்டு எண்ணம், சரிங்களா?" அவர் அவசரத்தில், "ஆமாங்க, சீக்கிரம் போட்டு உடுங்க." லைன் கண்ணாடி மாதிரி இருந்தது, துண்டு விழவில்லை, இரைச்சல் இல்லை. பழியைப் போட்டுத் தப்பிக்க அன்றைக்கு நெட் போனும் இடம் கொடுக்கவில்லை. அவரும் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை, அப்புறம் சிரித்துவிட்டார். பார்சல் கூலியை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டோம். அன்றிலிருந்து பேரிங் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்வது கடையில் சட்டம். அதற்கு முன் தப்பாகப் போன எத்தனை பார்சலுக்கு நான் அடுத்தவரைக் குறை சொல்லியிருப்பேனோ.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். புது மோடத்தின் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை, நெட்காரர் சாயங்காலம்தான் வருவேன் என்கிறார். சப்போர்ட்டுக்கு அடித்தேன். எடுத்தது புதிதாகச் சேர்ந்த பெண் போல. ஸ்பீடு டெஸ்ட் கேட்கவில்லை. "முப்பத்திரண்டு செகண்டா சார்? ஏஎல்ஜியாத்தான் இருக்கும். நீங்க ஏன் டிஎல்எஸ்ஸுக்கு மாறிக்கக்கூடாது?" என்றது.

அதாவது, போன் அனுப்பும் தகவலைப் பூட்டி அனுப்புவது. உறை ஒட்டியிருந்தால் ரூட்டரால் உள்ளே பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. டிக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மூன்று போனிலும் இரண்டு இடத்தில் மாற்றினோம், பத்து நிமிஷம். அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் கட்டாகவில்லை.

"இது புதுசா வந்த வசதியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், உங்க பிளான்ல ஆரம்பத்திலிருந்தே இருக்கு."

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கு அன்றைக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை. பதினெட்டு நாளும், நான்கு மோடமும், பாதியில் அறுந்து வேறு கடைக்குப் போன ஆர்டர்களும் கண்முன் வந்து நின்றன. நல்ல கருவியை விற்றுவிட்டு, அதன் சாவி எங்கே இருக்கிறது என்று மூன்று வருஷம் சொல்லாமல் இருந்தவர்களை என்ன செய்வது?

அதனால் மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மொபைலை வைத்து ஓட்டுங்கள், கடை பெரிதானால் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நான் நேற்று அடுத்த வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டினேன், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. இன்னொரு போனும் கூட வாங்கியிருக்கிறேன், குடோனுக்கு.