பத்து ஓவர் போட்டிக்குப் பணம் கட்டும் முன்: தப்புக் கணக்கில் எங்களை வெளியேற்றிய கதை

ஒரே நாளில் நடத்தி முடிக்கும் பத்து ஓவர் கிரிக்கெட் போட்டிகளுக்கு அணி சேர்த்துக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பிரிவில் முதலிடம் பெற்றிருக்க வேண்டிய எங்கள் அணியைக் கடைசி இடத்தில் தள்ளி வெளியே அனுப்பினார்கள். களத்தில் தோற்று வெளியேறியிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

விளம்பரத்தில் நான்கு வாக்குறுதிகள் இருந்தன. இன்னிங்ஸுக்குப் பத்து ஓவர், புதிய தோல் பந்து, வெளியிலிருந்து வரும் இரண்டு நடுவர்கள், குறைந்தது இரண்டு ஆட்டங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடுகளத்தில் கிரீஸ் கோடுகூடப் போட்டிருக்கவில்லை. அந்தத் தாமதத்தால் பத்து ஓவர் எட்டு ஓவராகச் சுருங்கியது. மழையில்லை, வெளிச்சக் குறைவும் இல்லை. கொடுத்த பந்து தையல் பிரிந்த பழைய பந்து. நடுவராக நின்ற இருவரில் ஒருவர், சற்று முன்புதான் வேறொரு அணிக்காக ஆடிவிட்டு வந்தவர். வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு ஆட வந்தவர்கள் நாங்கள். ஆட்டம் நடந்தால் போதும் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம்.

எங்கள் பிரிவில் மூன்று அணிகள். முதல் இரண்டு இடங்களுக்கு அரையிறுதி. முதல் ஆட்டத்தில் எட்டு ஓவரில் 4 விக்கெட்டுக்கு 72 ரன் எடுத்தோம். எதிரணி சரியாக ஆறு ஓவரில் 58 ரன்னுக்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. அந்த ஆறாவது ஓவரை வீசியது எங்கள் அணியிலேயே இளையவனான தம்பி ஒருவன், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன். கடைசிப் பந்தில் மட்டையாளர் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டுக் கையைச் சற்றே இழுத்து, பந்தை அவருக்கு எட்டாமல் வெளியே போட்டான். கோட்டைவிட்டு வெளியே நின்றவரை விக்கெட் கீப்பர் ஸ்டம்பிங் செய்தார். ஓவரில் மூன்றாவது விக்கெட், ஆட்டமும் முடிந்தது. அவ்வளவு நன்றாக வீசப்பட்ட ஓவரே பிறகு எங்களுக்கு எதிராகக் கணக்கிடப்பட்டது என்பதுதான் இன்றுவரை என்னால் ஆற்றிக்கொள்ள முடியாத விஷயம்.

இரண்டாவது ஆட்டம் அமைப்பாளர்களின் சொந்த அணியோடு. அவர்கள் 70, நாங்கள் 64. அந்த எட்டு ஓவரில் அவர்களுடைய முதன்மைப் பந்துவீச்சாளர் மூன்று ஓவர் வீசினார். ஒருவர் மொத்த ஓவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் வீசலாம் என்பது குறுகிய ஆட்டங்களில் எங்கும் உள்ள வழக்கம். எட்டு ஓவருக்கு அதிகபட்சம் இரண்டு. கேட்டோம், கையசைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மற்ற அணி அவர்களை 66-க்கு 62 என்று வென்றது. இரு அணிகளும் எட்டு ஓவரையும் முழுதாக ஆடின. ஆக மூன்று அணிகளுக்கும் ஒவ்வொரு வெற்றி. நிகர ரன் விகிதம்தான் தீர்மானிக்க வேண்டும்.

விதி எளிமையானது. எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்துக் கழிக்க வேண்டும். ஆனால் ஓர் அணி எல்லா விக்கெட்டுகளையும் இழந்துவிட்டால், அது ஆடிய ஓவரை எடுக்கக் கூடாது, அதற்கு உரிய முழு ஓவரையும் எடுக்க வேண்டும். ஐசிசி போட்டிகளில் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். அதன்படி நாங்கள் எடுத்தது 16 ஓவரில் 136, கொடுத்தது 16 ஓவரில் 128, விகிதம் +0.50. அமைப்பாளர்களின் அணிக்கு +0.125. நாங்கள் சுருட்டிய அணிக்கு -0.625.

அவர்களோ 58 ரன்னை எட்டால் வகுக்காமல் ஆறால் வகுத்தார்கள். ஒரே நொடியில் நாங்கள் -0.64 ஆகிவிட்டோம், கடைசி இடத்திலிருந்த அணி +0.48 என்று உச்சிக்குப் போய்விட்டது. எதிரணியை எவ்வளவு சீக்கிரம் ஆட்டமிழக்கச் செய்கிறோமோ அவ்வளவு தண்டனை என்றால் பந்துவீச்சாளன் எதற்காக விக்கெட் எடுக்க வேண்டும்? எங்கள் கேப்டன் ஸ்கோர் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். “ஆடியது ஆறு ஓவர்தானே, எங்கள் முறை இதுதான்” என்றார் பொறுப்பாளர். அந்த முறை எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. எழுத்தில் எதுவுமே இல்லை.

2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்டமும் சமன், சமனை உடைக்க ஆளுக்கொரு ஓவர் ஆடிய சூப்பர் ஓவரும் சமன். 26-க்கு 17 என்று பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்து நியூசிலாந்தை முந்தியது. அந்த விதியை ஏற்காதவர்கள் ஏராளம்; ஐசிசியே பிறகு அதை மாற்றிவிட்டது. ஆனாலும் முதல் பந்து வீசப்படும் முன்பே அது எழுத்தில் இருந்தது. நியூசிலாந்துக்காரர்கள் நெஞ்சு வலித்தாலும் கைகுலுக்கிவிட்டுப் போக முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். எங்களுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கேட்டோம். இரண்டு ஆட்டம் கொடுத்துவிட்டோமே என்று முடித்துக்கொண்டார்கள். இப்போது அடுத்த போட்டிக்கு வசூல் நடக்கிறது, அதே விளம்பரம், அதே நான்கு வாக்குறுதிகள்.

எந்தப் போட்டியாக இருந்தாலும் விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஓவர் குறைந்தால் என்ன, ஒருவர் எத்தனை ஓவர் வீசலாம், புள்ளிகள் சமமானால் என்ன, எல்லா விக்கெட்டும் விழுந்த அணிக்கு எத்தனை ஓவர் கணக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டாஸுக்கு முன் இரு கேப்டன்களும் ஆட்டக்காரர் பட்டியலை எழுத்தில் நடுவரிடம் கொடுப்பது கிரிக்கெட் சட்டத்திலேயே உள்ளது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். இரு அணிக்கும் தனித்தனி ஸ்கோரர் இருக்கட்டும். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இரு கேப்டன்களும் ஸ்கோர் தாளில் கையெழுத்திட்டதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதித்தாள் மைதானத்தில் தருகிறோம் என்று சொன்னால், பணத்தையும் மைதானத்தில் தருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.