ஜான் ஹர்ட்டின் 1928 பதிவுகள்: கட்டைவிரலைக் கேட்க ஒரு குறுந்தகடு

அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிதார் கலைஞருமான மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் ஓகே (Okeh) என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியதில் இன்று கேட்கக் கிடைப்பவை 13 பாட்டுகள். கொலம்பியா லெகசி 1996-இல் அத்தனையையும் ‘அவலான் ப்ளூஸ்’ என்ற ஒரே குறுந்தகட்டில் வெளியிட்டது. மொத்தமும் 40 நிமிடம் தேறாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடத்துக்குத்தான் இடம். பிப்ரவரியில் மெம்ஃபிஸில் பாடியவற்றில் இரண்டே வெளிவந்தன. மற்ற பதினொன்றும் டிசம்பரில் நியூயார்க்கில் பதிவானவை.

மிசிசிப்பி டெல்டா ப்ளூஸின் கரகரத்த குரலை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஹர்ட் மிசிசிப்பி மாநிலத்தின் அவலான் ஊரில் பண்ணை வேலை பார்த்தபடி ஊர் நடனங்களுக்கு வாசித்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். வெள்ளைக்கார ஃபிடில் கலைஞர் வில்லி நார்மோருடனும் வாசித்தார், ஓகேயிடம் இவர் பெயரைச் சொன்னதும் நார்மோர்தான். ப்ளூஸோடு கொலைக் கதைப்பாட்டும் தேவாலயப் பாட்டும் கலந்து கிடப்பது இந்தப் பின்னணியால்தான்.

கிதார் பழகுகிறவர்கள் ‘லூயிஸ் காலின்ஸ்’ பாட்டில் தொடங்கலாம். C கார்டில் கட்டைவிரல் ஐந்தாம் தந்திக்கும் நான்காம் தந்திக்கும் மாறி மாறிப் போகும். மெட்டு மேல் தந்திகளில், மற்ற விரல்களில். F வரும்போது பாரே (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்துவது) போடக் கூடாது. இடக்கைக் கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து ஆறாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்தினால்தான் மெட்டுக்கு விரல் மிஞ்சும். பெரும்பாலோர் தடுமாறுவது வலக்கையில்: மெட்டு தாளத்துக்கு நடுவே விழும் இடத்தில் கட்டைவிரலும் கூடவே இழுபட்டுப் போகும். மெட்டைத் தொடாமல் பாஸை மட்டும், பேசிக்கொண்டே வாசிக்க வரும்வரை பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை. ‘ஃபிராங்கி’யைச் சாதாரண ட்யூனிங்கில் தேடி அலைய வேண்டாம், அது ஓப்பன் G, தந்திகளை வெறுமனே மீட்டினாலே G கார்டு ஒலிக்கும் ட்யூனிங். அந்த வேகம் பழகுகிறவர்களுக்கு இல்லை!

ட்யூனரை நம்பிச் சுருதி சேர்த்துத் தட்டோடு கூட வாசித்தால் சில பாட்டுகள் ஒட்டாது. கேப்போவை (கழுத்தில் தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கிளிப்) நகர்த்தியும் சரியாகவில்லை என்றால், தட்டின் சுருதிக்கே தந்திகளை மாற்றிக்கொள்வது நல்லது.

இரைச்சல் உண்டு. ட்ரெபிளை ஒரேயடியாகக் குறைத்தால் முதல் தந்தியும் அதோடு மங்கிவிடும். கொஞ்சமாகக் குறைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதுவும் பொறுக்காத காதுகளுக்கு 1966-இல் வேன்கார்ட் வெளியிட்ட ‘டுடே’ இருக்கிறது. ‘அவலான் ப்ளூஸ்’ பாட்டில் வரும் ஊர்ப் பெயரைத் துப்பாக வைத்து ப்ளூஸ் ஆர்வலர் டாம் ஹாஸ்கின்ஸ் 1963-இல் ஹர்ட்டைத் தேடிப் பிடித்த பிறகு பதிவானது அது. ஒலி துல்லியம், குரல் முதிர்ச்சி, நடை நிதானம். பாடம் எடுக்க அதுவே வசதி. ஆனால் ஆட வந்த கூட்டத்துக்கு வாசித்த கையின் விறுவிறுப்பு 1928 தட்டுகளில்தான் கிடைக்கும்.