லிஃப்ட் தானாக இறங்கும் டிராக்டர்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் மச்சான் போன் செய்தான். ஆரணிப் பக்கம் ஒருவர் நான் வைத்திருக்கும் அதே மாடல் 45 எச்பி டிராக்டரை விற்கிறாராம், முதலில் சொன்ன விலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறாராம். "மாமா, நீங்கதான் ஆறு வருஷமா ஓட்டறீங்க, வாங்கலாமா?" என்று கேட்டான். அவன் கேட்ட நேரத்தில் என் வண்டி கே.வி.குப்பம் பட்டறையில் சீட்டு கழற்றி, லிஃப்ட் (பின்னால் மாட்டும் கலப்பை, ரொட்டவேட்டரைத் தூக்கி இறக்கும் பகுதி) கவர் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் கையெல்லாம் ஆயிலோடு நின்றிருந்தேன். "வேணாம் மச்சான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவனுக்கு அது போதவில்லை, காரணம் கேட்டு மறுபடி மறுபடி கூப்பிடுகிறான். அதனால் முழுக்க எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. 2019 தொடக்கத்தில் எடுத்த வண்டி, இப்போது 3,460 மணி நேரம் ஓடியிருக்கிறது. மார்கழிக் குளிரிலும் ஒரே சாவியில் எழுந்துவிடும். நவரைப் பட்டத்து நெல்லுக்குச் சேடை (சேற்றுழவு) ஓட்டியிருக்கிறேன், மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் ஒன்பது கொத்துக் கலப்பை இழுத்திருக்கிறேன், அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடித்திருக்கிறேன், எங்கேயும் மூச்சு வாங்கியதில்லை. மண்ணைச் சுழன்று கிளறும் ரொட்டவேட்டர் மாட்டினால் மணிக்கு 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே டீசல் குடிக்கும், அந்த வேலைக்கு அது நியாயம்தான். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் சரி.

என் கோபம் முழுக்க ஹைட்ராலிக் மேல்தான், அதாவது ஆயில் அழுத்தத்தால் லிஃப்ட்டைத் தூக்கும் அமைப்பின் மேல்.

இதில் இரண்டு வகைக் கசிவு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளியே சொட்டுவது ஒன்று, உள்ளேயே கசிந்து வெளியே ஒரு சொட்டும் காட்டாதது இன்னொன்று. வெளியே சொட்டுவதைப் பார்த்ததும் நமக்குப் பதற்றம் வருகிறது, ஆனால் அது சுலபமானது. இரண்டாம் வருடம் வலது பக்கம் பம்பிலிருந்து மேலே போகும் பைப்பின் போல்ட்டில் கசிந்தது. செம்பு வாசர் இரண்டு மாற்றினோம், அதோடு முடிந்தது. ஆனால் ஆயில் சொட்டும் இடத்தில்தான் கசிகிறது என்று நினைத்து, கீழே கியர் பாக்ஸ் இணைப்பு போல்ட்டுகளை எல்லாம் இறுக்கி இறுக்கி நான் இரண்டு நாளை வீணாக்கியிருந்தேன். ஆயில் மேலிருந்து வழிந்து, ஓடும் காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, தாழ்ந்த இடத்தில் வந்துதான் சொட்டும். அந்தப் பகுதியை டீசல் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு பத்து நிமிடம் லிஃப்ட்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடம்தான், அதிலும் எல்லாவற்றுக்கும் மேலே நனைந்திருக்கும் இடம்தான் கசிவு.

அப்படிப் பார்க்கும்போது ஓஸ் பைப் மேல் கையை மட்டும் வைக்காதீர்கள். இந்த ஆயில் 150 பாருக்கு மேல் அழுத்தத்தில் போகிறது. பைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரி தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்துச் சுத்தம் செய்யவில்லை என்றால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு அட்டைத் துண்டை நீளக் குச்சியில் கட்டி ஓரமாக நகர்த்திப் பார்த்தால் போதும், ஓட்டை இருந்தால் அட்டையில் தெரிந்துவிடும்.

கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் ஒரு ஓட்டை, அதில் ஒரு பின் தொங்கிக்கொண்டிருக்கும். சேறு அடைக்காமல் இருக்கத்தான் அந்தப் பின். அங்கே சொட்டினால் விரலில் தொட்டு நிறம் பாருங்கள். கறுப்பாக இருந்தால் இஞ்சின் பின் பக்க ஆயில் சீல், தேன் நிறத்தில் இருந்தால் கியர் பக்கத்துச் சீல். எனக்குத் தேன் நிறம். எதுவானாலும் வண்டியை நடுவில் பிரிக்கத்தான் வேண்டும், அதனால் கிளட்ச் பிளேட் மாற்றும் வரை பொறுத்திருந்து இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டேன். எவ்வளவு போகிறது என்று தெரிந்தால் பொறுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யலாம். சுமாராக 20 சொட்டு ஒரு மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் மணிக்கு 180 மில்லி, எட்டு மணி நேர ஓட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். எனக்கு நிமிடத்துக்கு நாலைந்து சொட்டுதான், சரி என்று விட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2022 மே மாதம், அக்னி நட்சத்திர நேரம், மதியம் ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு இஞ்சினை அணைத்துச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை. ஓடும்போதும் தூக்கிய ரொட்டவேட்டர் ஒரே இடத்தில் நிற்காமல் இறங்குவதும் ஏறுவதுமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தது. உள்ளே கசிய, லிஃப்ட் இறங்க, பம்ப் மறுபடி தூக்கிவிட, அதுதான் அந்த ஆட்டம்.

மறுநாள் காலை சர்வீஸ் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எட்டு மணிக்கு அவர்கள் தூக்கிப் பார்த்தால் அப்படியே நிற்கிறது! "நல்லாத்தானே நிக்குது சார்" என்று அனுப்பிவிட்டார்கள். இது ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் காலையில் நிற்கும், மதியம் விழும். எனக்கு அப்போது காரணம் தெரியவில்லை, அவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். நம் வேலூர் வெயிலில் நாலு மணி நேரம் ரொட்டவேட்டர் ஓட்டி ஆயில் தண்ணீர் மாதிரி ஆன பிறகு பார்க்க வேண்டியதை, ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் பார்த்து என்ன தெரியும்?

நாலாவது முறை நான் சத்தம் போட்டதும், பார்க்காமலேயே கண்ட்ரோல் வால்வு (லிஃப்ட்டுக்கு ஆயிலை விட்டு நிறுத்தும் வால்வு) போய்விட்டது என்று 11,400 ரூபாய்க்கு மாற்றினார்கள். மதியம் அதே மாதிரி விழுந்தது. அடுத்த வருடம் வேறு பட்டறையில் லிஃப்ட்டைத் திறந்து பிஸ்டன் ஓரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றினார்கள். மூன்று மாதம் சுகமாக இருந்தது, அப்புறம் பழையபடி.

இந்த ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இந்த முறை வந்தது. ஊரில் ஒருவர் சொல்லி கே.வி.குப்பத்தில் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனேன். காலையில் போன என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நைனா, சாயங்காலம் வேலைய முடிச்சிட்டு சூட்டோட கொண்டா" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சூட்டோடு கொண்டுபோனதும் அவர் ஸ்பானரே எடுக்கவில்லை. ரொட்டவேட்டரை முழுக்கத் தூக்கச் சொன்னார், சீட்டுக்கு முன்னால் கீழே லிஃப்ட் இறங்கும் வேகத்தைக் குறைக்கும் குமிழ் இருக்கிறதே, அதை முழுக்க மூடினார், இஞ்சினை அணைத்தார், ரொட்டவேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று டேப் வைத்து அளந்தார். அந்தக் குமிழை மூடினால் சிலிண்டரில் இருக்கும் ஆயில் கண்ட்ரோல் வால்வுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. மூடிய பிறகு லிஃப்ட் நின்றால் கண்ட்ரோல் வால்வில் கோளாறு. மூடிய பிறகும் இறங்கினால் சிலிண்டர் பக்கம்: பிஸ்டன் ஓரிங், இல்லையென்றால் அந்தப் பக்கம் இருக்கும் சேஃப்டி வால்வு. ஏழு நிமிடத்தில் தரையில் உட்கார்ந்தது, ஆக கோளாறு சிலிண்டர் பக்கம்தான். மூன்று வருடமாக யாரும் செய்யாத சோதனை, ஒரு பைசா செலவில்லை, பத்து நிமிட வேலை. நான் கட்டிய 11,400 ரூபாயை நினைத்து அங்கேயே வயிறு எரிந்தது.

திறந்து பிஸ்டனை எடுத்தபோது ஓரிங் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் ஓரிங்கோடு டெஃப்லான் பேக்கப் ரிங் ஒன்றும் இருக்கும். அழுத்தம் ஓரிங்கைப் பிதுக்கி இடுக்கில் தள்ளாமல் தாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை, அதனால் அழுத்தம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது இருக்க வேண்டும். போன முறை மாற்றியவர்கள் அதை அழுத்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள். ஓரிங் நேராக இடுக்கில் பிதுங்கி, ஒவ்வொரு தூக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிபட்டிருக்கிறது. மூன்று மாதம் தாங்கியதே அதிகம். மேஸ்திரி லைனரை (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) நகத்தால் கீறிப் பார்த்தார், கோடு எதுவும் தட்டுப்படவில்லை. புது ஓரிங்குக்கு ஆயில் தடவி, திருகாமல், ஸ்க்ரூ டிரைவர் படாமல், விரலாலேயே ஏற்றினார். எனக்கும் காட்டித்தான் போட்டார், சிலிண்டர் மூடி பக்கம் ஓரிங், ராடு பக்கம் பேக்கப் ரிங். சீல் கிட் 640 ரூபாய், கூலி 3,500.

நியாயமாகச் சொன்னால் என் மேலும் தப்பு இருக்கிறது. ஆயிலை மாற்ற வேண்டிய மணி நேரத்தைத் தாண்டி ஓட்டியிருக்கிறேன். 2021 நவம்பர் மழையில், பாலாற்றில் வெள்ளம் போன சமயம், கழனியில் அச்சு முழுகும் தண்ணீரில் சேடை ஓட்டி ஆயிலில் தண்ணீர் இறங்கி மோர் மாதிரி வெளுத்துப்போனது, அதை உடனே மாற்றாமல் ஒரு மாதம் தள்ளினேன். ராத்திரி நிறுத்தும்போது ரொட்டவேட்டரைத் தூக்கியபடியே விடும் பழக்கமும் இருந்தது. எந்த டிராக்டர் லிஃப்டும் விடிய விடியத் தூக்கிப் பிடிக்காது, இறக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தூக்கிய ரொட்டவேட்டருக்கு அடியில் பிளேடு மாற்றப் போவதாக இருந்தால் கட்டை முட்டுக் கொடுக்காமல் கையைக்கூட விடாதீர்கள்.

ஆனால் வண்டியைச் செய்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. தேயும் என்று தெரிந்தே வைக்கும் ஒரு ரப்பர் வளையத்துக்காகச் சீட்டு, லீவர்கள், இரண்டு பக்கத் தூக்கு ராடு எல்லாவற்றையும் கழற்றி, மூன்று ஆள் சேர்ந்தும் தூக்க முடியாத கவரைச் செயின் பிளாக் போட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. வசதி உள்ள பட்டறையே இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. பட்டம் தவறும் நேரத்தில் இரண்டு நாள் என்றால் என்ன என்று விவசாயம் செய்பவனுக்குத்தான் தெரியும். அந்தக் குமிழை மூடிப் பார்க்கும் சோதனையை வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் நாலு வரி தமிழில் எழுதியிருந்தால் எனக்கு மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, மதியம் இரண்டு மணி வெயிலில் அணைத்துவிட்டு அளந்தேன். அரை மணி நேரத்தில் அரை அங்குலம் இறங்கியது. தலையாட்டமும் போய்விட்டது. ஓட்டும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் எனக்குப் போகவில்லை.

மச்சானுக்கு என் பதில் இப்போதும் அதேதான், வாங்க வேண்டாம். இஞ்சினை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று அவன் கேட்பான், கேட்கட்டும். அவனுக்கு இரண்டு ஏக்கர் கழனி, பக்கத்தில் நல்ல மேஸ்திரி யாரும் இல்லை, நான் மூன்று வருடம் பட்டதை அவனும் படுவதை என்னால் பார்க்க முடியாது. அப்படியும் ஆசை விடவில்லை என்றால் காலையில் போய்ப் பார்க்காதே மச்சான். மதியம் போ, ஒரு மணி நேரமாவது ரொட்டவேட்டர் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லு, அணைத்துவிட்டு டேப் வைத்து அளந்து பாரு. விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிடு.