ஆள் வராத வீடு யாருக்குச் சேர வேண்டும்?

ஆன்லைன் கேமில் ஆசையாக வீடு கட்டியவர் ஒருநாள் வராமல் போய்விடுவார். படிப்பு, வேலை, குழந்தை, சலிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வீடு மட்டும் நின்றுகொண்டே இருக்கும். புதிதாக வருபவருக்கோ கால் வைக்க இடம் இருக்காது. இந்தச் சிக்கலை ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்திருக்கிறது. அவற்றை எடைபோட நான் மூன்றைத் தனித்தனியாகப் பார்க்கிறேன்: மனை, சுவர், உள்ளே இருக்கும் சாமான். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக் கொடுக்கும் விதி எதுவானாலும் யாராவது ஒருவர் மனசு நொந்துதான் போகிறார்.

1997-ல் வந்த அல்டிமா ஆன்லைனிலிருந்து தொடங்கலாம். அங்கே வீடு எல்லோரும் நடமாடும் பொதுவெளியிலேயே நிற்கும். உரிமையாளர் விட்டுப்போய்விட்டால் வீடு படிப்படியாகப் பழசாகும். எந்த நிலையில் இருக்கிறது என்பதை வாசல் பலகையைப் பார்த்தே யாரும் தெரிந்துகொள்ளலாம். ‘இடிந்து விழும் நிலை’ என்று பலகை காட்ட ஆரம்பித்ததும் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். எந்த நிமிடம் விழும் என்று தெரியாது. மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். விழுந்ததும் உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கிடக்கும். கை நீட்டியவருக்குக் கிடைக்கும். காலியான மனையில் முதலில் வீட்டை வைப்பவருக்கே மனை. ஒருவரை ஒருவர் தாக்க அனுமதி உள்ள ஃபெலுக்கா பகுதியில் இது நேரடியாகச் சண்டையிலேயே முடியும்.

பரபரப்பு என்று பார்த்தால் இதற்கு நிகரே இல்லை. ஆனால் மனையும் சுவரும் சாமானும் ஒரே நொடியில் போய்விடுகின்றன. பல வருடம் சேர்த்து வைத்தவர் திரும்பி வந்தால் அவருக்கென்று எதுவும் மிச்சமில்லை. வேலைக்குப் போகிற ஒருவரால் இரவு முழுக்கக் காத்திருக்கவும் முடியாது. அதனால் நேரம் உள்ளவருக்கே திரும்பத் திரும்ப வீடு போய்ச் சேர்கிறது. ஆர்க்கேஜிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாரா வாரம் வரி கட்ட வேண்டியிருந்தது, கட்டாமல் விட்டால் வீடு இடிந்தது, காலியான நிலத்தில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மையை முதலில் நட்டவர் பிடித்துக்கொண்டார்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இதைவிட நிறையவே யோசித்திருக்கிறது. 45 நாள் வீட்டுக்குள் நுழையாமல் இருந்தால் வீடு தானாக இடிக்கப்படும். ஆனால் உள்ளே இருந்த சாமான்களில் பெரும்பாலானவற்றைக் காப்பாளர் ஒருவர் 35 நாள் வைத்திருப்பார், போய் வாங்கிக்கொள்ளலாம். அதாவது மனை போனாலும் சாமான் உடனே போவதில்லை. 2020-ல் கொரோனா பரவியபோது இந்த இடிப்பையே நிறுத்தி வைத்தார்கள். விதியை எழுதியவர்களுக்கு வெளியே உள்ள வாழ்க்கையும் கண்ணில் படுகிறது என்பதற்கு அது சாட்சி.

காலி மனையை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் அவர்கள் ரொம்ப நாள் தடுமாறினார்கள். முன்பெல்லாம் மனை எப்போது விற்பனைக்குத் திறக்கும் என்பதே ரகசியம். வாசல் பலகையின் முன் நின்று மணிக்கணக்கில் கிளிக் செய்துகொண்டே இருக்க வேண்டும். கூட்டத்தில் யாருடைய கிளிக் சரியான நொடியில் பொருந்துகிறதோ அவருக்கு மனை. அல்டிமாவின் அதே காத்திருப்புத்தான், கத்தி மட்டும் இல்லை. 2022 ஏப்ரலில் குலுக்கல் வந்தது. ஐந்து நாள் பதிவு, நான்கு நாள் முடிவு, ஆக ஒரு சுற்றுக்கு 9 நாள். பேர் விழாதவருக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். முதல் சுற்றிலேயே, ஆட்கள் பதிவு செய்திருந்த மனைகளுக்குக்கூட வெற்றி எண் பூஜ்யம், அதாவது வென்றவர் யாருமில்லை, என்று காட்டி ஏகப்பட்ட குழப்பம் ஆனது உண்மை. அதைச் சரிசெய்த பிறகும் ‘உழைப்புக்கு மதிப்பில்லை’ என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடிய விடிய கிளிக் செய்வதை உழைப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் குறை வேறு. 45 நாள் போதாது. மருத்துவமனையில் இருப்பவருக்கோ பிரசவம் ஆனவருக்கோ ஒன்றரை மாதம் என்பது கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

ரஸ்ட் போன்ற, உயிர் பிழைப்பதே ஆட்டமான கேம்களை இந்தத் தராசில் நிறுத்துவது சரியில்லை. அங்கே கல்லும் மரமும் போட்டுப் பராமரிக்காத கட்டடம் சில மணி நேரத்திலேயே சிதைய ஆரம்பித்துவிடும், உலகமே அவ்வப்போது துடைத்து எறியப்படும். யாரும் அங்கே நிரந்தரம் தேடிப் போவதில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் இருக்கிறது. 2017 முதல் அங்கே வீடு வாங்கலாம். ஒவ்வொருவர் வீடும் ஒரு கதவுக்குப் பின்னால் தனி உலகம் என்பதால் யாரும் யார் இடத்தையும் அடைப்பதில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் தன் வீட்டுத் திட்டத்தை அறிவித்தபோதே குலுக்கல் இல்லை, சந்தா நின்றாலும் வீடு பறிபோகாது என்று சொல்லிவிட்டது. விட்டுப்போனவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஒரே இடத்துக்கு ஆசைப்படும் இரண்டு பேர் இருந்தால்தான் அக்கம்பக்கம் என்பது உயிரோடு இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய பொதுவெளி வீடுகளில் தெருவில் நடந்தாலே யார் வீடு என்று தெரியும். கதவுக்குப் பின்னால் போன வீட்டை நாம் அழைக்காமல் யாரும் பார்ப்பதில்லை.

இவற்றுக்கு நடுவே எனக்கு மிகவும் பிடித்த வழி இன்று உயிரோடு இல்லாத ஒரு கேமில் இருந்தது. 2003-ல் தொடங்கி 2011 டிசம்பரில் மூடப்பட்ட ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ். கோள்கள் முழுக்க ஆளில்லா வீடுகள் நிறைந்தபோது, கைவிடப்பட்ட வீடுகளை மற்ற வீரர்களே மூட்டைகட்டும் வசதியைக் கொண்டுவந்தார்கள். மூட்டைகட்டியவருக்கு வெகுமதி, ஊருக்குக் காலி மனை. வீடு மட்டும் சாமானோடு சேர்த்து அப்படியே சுருட்டி உரிமையாளர் கணக்கில் பத்திரமாக இருக்கும். என்றைக்கு வந்தாலும் வேறு இடத்தில் விரித்துக்கொள்ளலாம். மனை ஊரில் இருப்பவருக்கு, சுவரும் சாமானும் கட்டியவருக்கு. இடிப்பதற்குக் காத்திருந்த கூட்டத்தையே இந்த விதி பாதுகாவலர்களாக மாற்றிவிட்டது.

நம்மில் பலர் இந்த முடிவை எடுக்க வேண்டிய இடம் நாமே நடத்தும் மைன்கிராஃப்ட் சர்வர்தான். அவரவர் இடத்துக்கு உரிமை பதிந்து காக்கும் கிரீஃப் பிரிவென்ஷன் என்ற துணை நிரலை (பிளக்இன்) போட்டிருந்தால், இயல்பு அமைப்பில் 60 நாள் வராதவரின் உரிமை காலாவதியாகும். உரிமைதான் போகும், வீடு அங்கேயே நிற்கும். அடுத்து அந்த இடத்தைப் பிடிப்பவருக்குப் பெட்டிகளோடு எல்லாமே சொந்தம். வேண்டுமானால் கட்டியதை அழித்து இயற்கை நிலத்தையே திரும்பக் கொண்டுவரும்படியும் அமைக்கலாம். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை.

நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்திய சர்வரில் ஒரு தம்பி நூலகம் ஒன்று கட்டியிருந்தான். தேர்வுக்காகப் போனவன் மூன்று மாதம் கழித்து வந்தபோது அங்கே வேறொருவரின் கோழிப்பண்ணை இருந்தது. அவர் விதிப்படிதான் எடுத்திருந்தார், அவரைக் குறை சொல்ல வழியில்லை. தம்பி ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வெளியேறினான். அப்புறம் வரவே இல்லை.

அதற்குப் பிறகு காலக்கெடுவை 120 நாள் ஆக்கினோம். கெடு முடிவதற்கு முன் கட்டடங்களை நகலெடுத்து ஒட்டும் வேர்ல்ட்எடிட் கருவியில் வீட்டை முழுசாக நகலெடுத்து, ஆள் பெயரிலேயே ஸ்கிமாட்டிக் கோப்பாகச் சேமிக்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் பொருளும் அதோடு வந்துவிடும். பிறகு நிலத்தைத் துடைத்து யார் கேட்டாலும் கொடுக்கிறோம். இதுவரை இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒருவர் தன் வீட்டை ஆற்றங்கரையில் ஒட்டச் சொன்னார், முன்பு இருந்ததைவிட அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.