ப்ளக் தேவையா? ஒரு பாளையங்கோட்டைக் கணக்கு

"ப்ளக்-இன் ஹைபிரிட் வருதாமே அண்ணாச்சி, அதுவரைக்கும் பொறுக்கலாமா?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் பொறுக்கவில்லை. 2023இல் டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட் எடுத்தேன். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், வெளியே சார்ஜ் போட வேண்டாத வண்டி; ப்ளக்-இன் என்றால் அதே ஜோடிதான், ஆனால் வீட்டு ப்ளக்கில் சொருகியும் சார்ஜ் போடலாம். அன்றைக்கு ப்ளக்-இன் என்றால் பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் மாதிரி கோடிகளில் விலை சொல்லும் வண்டிதான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

என் வண்டியின் பேட்டரி ஒரு யூனிட்கூடக் கொள்ளாது. இன்ஜினிலும் பிரேக்கிலும் தானே ஏற்றிக்கொள்ளும். ப்ளக்-இன்னில் பத்துப் பதினைந்து யூனிட் பேட்டரி இருக்கும். ராத்திரி சார்ஜ் போட்டால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் பெட்ரோல் இல்லாமல் ஓடும். தென்காசி போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் எங்கே சார்ஜ் போட? நான் இருப்பது வளவு வீடு. ஏழு குடும்பத்துக்கு ஒரே நடை, கார் நிற்பது தெருமுனை வேப்பமரத்தடியில். மீட்டர் பெட்டியிலிருந்து டேப் பிடித்து அளந்தேன், 42 மீட்டர். நாலு வீட்டு வாசலைத் தாண்டி எக்ஸ்டென்ஷன் இழுத்து, ராத்திரி முழுக்க லோடு கொடுக்க முடியுமா என்று எலக்ட்ரீசியனைக் கேட்டேன். "தாராளமா. அந்த ஒயர் சூட்டுல இட்லியும் அவிச்சிரலாம்" என்றார்.

போர்டிகோ இருந்தாலும் கரண்ட் பில் இருக்கிறது. நாளுக்குப் பத்து யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 600. ஏற்கெனவே 350 யூனிட் எரிக்கிற வீடு 950இல் போய் நிற்கும். 500ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ளதற்கும் ரேட் ஏறும். பெட்ரோலைவிட அப்போதும் மலிவுதான், ஆனால் விளம்பரத்தில் சொல்லும் மலிவு இல்லை.

சரி, ப்ளக் பாயிண்ட் இருக்கிறவர்களாவது போடுகிறார்களா? ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சான் ப்ளக்-இன் வைத்திருக்கிறான். போன வருஷம் போனபோது டிக்கியைத் திறந்தேன். சார்ஜிங் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. "டெய்லி ராத்திரி எவம் அத்தான் போயி சொருகுவான்?" என்றான். சார்ஜ் இல்லாத பேட்டரியையும் மோட்டாரையும் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கிறது வண்டி. அவன் ஒருவன் மட்டுமில்லை. ப்ளக்-இன் கார்கள் சாலையில் விடும் கார்பன் டை ஆக்சைடு, ஆய்வகக் கணக்கைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2024இல் சொன்னது. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை என்பது முக்கியக் காரணம்.

என் வண்டிக்கு இந்த ஒழுக்கமெல்லாம் வேண்டாம். வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் பாதி நேரம் தூங்கும். டவுனுக்குள் லிட்டருக்கு 23, 24 வருகிறது. நாகர்கோவில் நாலுவழிச் சாலையில் நூறில் போனால் 19தான். டீசல் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆரியங்காவு மலை இறக்கத்தில் மட்டும் கொஞ்ச தூரத்திலேயே பேட்டரி நிரம்பிவிடும், அப்புறம் இறக்கத்தில் கிடைப்பதெல்லாம் வீண். அங்கே ப்ளக்-இன்தான் கெட்டி, ஒத்துக்கொள்கிறேன்.

பெருமாள்புரத்தில் சொந்த போர்டிகோ, தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டம் என்றால் நேரே மின்காருக்கே போய்விடுங்கள். அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 2025 செப்டம்பருக்குப் பிறகும் என் வண்டி மாதிரி ஹைபிரிடுக்கு 40. ப்ளக்-இன் வாங்கி, இன்ஜின், மோட்டார் என்று இரண்டு எந்திரத்துக்கும் காசு கொடுத்து, இரண்டையும் பராமரித்து, ப்ளக்கையும் தேடுவானேன்?

பேட்டரிக்கு எட்டு வருஷ வாரண்டி இருக்கிறது. அதன் பிறகு மறுவிற்பனையில் என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் பாதி தூரம்கூடப் போகவில்லை. குறை என்று சொன்னால் டிக்கிதான். அதில் ஒரு பங்கைப் பேட்டரி தின்றுவிட்டது. மச்சான் லீவில் வந்தபோது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து பாளை வரைக்கும் அவன் பெட்டி ஒன்று பின்சீட்டில் என் மாமியார் மடியில் சாய்ந்தபடியே வந்தது.